சாம்பல் வேந்தனின் பேருரை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: எல்த்ராவோன் என்னும் உலகத்தின் ஏழு கடல்களுக்கும், பதினோரு ராஜ்ஜியங்களுக்கும், இன்னும் பெயர் சூட்டப்படாத இரண்டு மலைத்தொடர்களுக்கும் ஏக அதிபதியும், மழையையும் கொள்ளைநோயையும் தம் திருவுளப்படி ஏவுகிறவருமான நார்பர்ட் க்ளூகே, இன்றைய சனிக்கிழமைப் பிற்பகல் முதற்கொண்டு, தமது பகடைகளைச் சகலரும் காணும்படி வெட்டவெளியில் உருட்டுவார். விழுந்த எண் விழுந்ததே. செத்தவர் செத்தவரே. மேல்முறையீடு கிடையாது.

"கடைசி வரிய இன்னொரு தடவ படிப்பா," என்றாள் லோரெட்டா. "மெஷின் சுத்துற சத்தத்துல கேக்கல."

நார்பர்ட் வாஷிங் மெஷினைப் பார்த்தார். ஏழு கடல்களின் அதிபதியால் அதை நிறுத்த முடியாது. அதற்குள் அவருடைய மனைவி கிரெட்சனின் திரைச்சீலைகள் சுழன்றுகொண்டிருந்தன.

"மேல்முறையீடு கிடையாது," என்றார் உரக்க.

"அதுக்கு முந்தினது."

"செத்தவர் செத்தவரே."

"ஆங். அது நல்லாருக்கு," என்று லோரெட்டா தலையாட்டிவிட்டு, தட்டிலிருந்து ஒரு சீஸ் துண்டை எடுத்துக் கடித்தாள். அது பல்லில் கீச்சிட்டது. அவர்கள் ஊரான ஷெபாய்கனில் புது சீஸ் அப்படித்தான் கீச்சிடும். ஆனால் ஒரு பிரகடனத்தின் முடிவில் கேட்க வேண்டிய சத்தம் அது அல்ல என்று நார்பர்ட்டுக்குத் தோன்றியது.

அவர் வீட்டு நிலவறையில்தான் எல்த்ராவோன் ஒன்பது வருடமாக இருந்து வந்தது. ஒரு பக்கம் ஹீட்டர், மறுபக்கம் வாஷிங் மெஷின், நடுவில் ஒரு பழைய சாப்பாட்டு மேசை. இந்த விளையாட்டுக்குக் கட்டம் போட்ட பலகை வேண்டாம், காய்கள் வேண்டாம். மூன்று பேர், ஆளுக்கொரு வீரன் என்றோ மந்திரவாதி என்றோ தங்களைச் சொல்லிக்கொண்டு உட்காருவார்கள். நான்காவது ஆள் மாஸ்டர். எதிரே மலை இருக்கிறது, மலையில் பூதம் இருக்கிறது என்று அவர் சொல்வார். பூதத்தை வெட்டுகிறேன் என்று இவர்கள் சொல்வார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடை சொன்னதை மாஸ்டர் சொல்வார். இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில் ஓர் அட்டை மறைப்பு நிற்கும்.

அந்த மறைப்பைத்தான் நார்பர்ட் இப்போது இரண்டு கைகளாலும் எடுத்து, மூன்றாக மடித்து, பூட்டிய கோவிலின் சாவியை ஒப்படைப்பவரைப் போல அலமாரியில் வைத்தார். ஒன்பது வருடமாக அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள். பாதி தின்ற டோனட் ஒன்று, வாசிக்கும் கண்ணாடி, ரத்த அழுத்த மாத்திரை டப்பா.

"இதுக்குத்தானா இவ்ளோ பந்தோபஸ்து?" என்றான் ஆர்லன்.

ஆர்லன் டாலெஃப்சன் குளிர்காலத்தில் மாவட்டத்துக்குப் பனி வாரும் வண்டி ஓட்டுபவன். மற்ற காலங்களில் அதே சாலையில் பள்ளம் மூடுபவன். ஆட்டத்தில் அவன் ஒரு காட்டுவீரன். ஏழடி உயரம், இரட்டைக் கோடரி. நார்பர்ட் அந்த வீரனுக்காக மூன்று பக்கப் பெயர்ப்பட்டியல் தயாரித்துக் கொடுத்திருந்தார், எல்லாம் வாயில் கூழாங்கல் போட்டுச் சொல்ல வேண்டிய கம்பீரமான பெயர்கள். ஆர்லன் பட்டியலை மரியாதையாக வாசித்துவிட்டு, தன் வீரனுக்கு டக் என்று பெயர் வைத்தான். மாவட்டப் பணிமனையில் அவனோடு வேலை பார்த்தவன் பெயர் அது. ஒன்பது வருடமாக நார்பர்ட் "புயலைப் போல் பாய்ந்தான்..." என்று தொடங்கி "...டக்" என்று முடிக்க வேண்டியிருந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் லோரெட்டா வோய்சிக், ஹெல்கா என்ற குள்ளப் பூசாரி. காயம்பட்டவர்களைக் குணப்படுத்துவதும் குணமானவர்களைத் திட்டுவதும் ஹெல்காவின் தொழில். லோரெட்டா அதற்காகப் பெரிதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது ஆள் ஃபெங் லோர், மருந்துக்கடைக்காரன், ஆட்டத்தில் மந்திரவாதி. கையெழுத்துப் புரியாத மருந்துச்சீட்டைப் படிப்பதுபோலவே ஆட்டவிதிகளையும் படிப்பவன், குரலை உயர்த்தமாட்டான், வந்தால் ஒரு பாத்திரம் நிறைய முட்டைச் சுருள்களோடு வருவான். அந்தச் சுருள்களுக்காகவே அவனுடைய சட்ட வாதங்களைச் சகித்துக்கொண்டார்கள்.

எல்லா மேசைக்கும் வீட்டு விதிகள் உண்டு. புத்தகத்தில் அச்சான விதி ஒன்று இருக்க, இந்த வீட்டில் இப்படி என்று நாலு வரி எழுதி வைத்துக்கொள்வது ஊர்வழக்கம். அடுத்தவன் பகடையைத் தொடாதே, தரையில் விழுந்தால் திருப்பி உருட்டு, குளிர்பானம் நீ கொண்டுவா. நார்பர்ட் வீட்டு விதிகள் நாலு வரியில் நிற்கவில்லை. சுருள்கம்பி போட்டுக் கட்டிய தொகுதி அது. முன்னுரை உண்டு. முன்னுரைக்கு அடிக்குறிப்பு உண்டு. வாரம் முழுக்க ஆலங்கட்டி விழுந்து நெளிந்த கார்களைப் பார்த்து, இந்த நெளிவு புதுசு, இந்த நெளிவு பழசு என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் மனிதருக்கு, சனிக்கிழமையாவது சட்டம் இயற்றத் தோன்றுவதில் தப்பில்லை.

ஆனால் இந்தப் புது விதிக்கு வேறு காரணம் இருந்தது.

போன சனிக்கிழமை சாஸேஜ் எடுத்துவர நார்பர்ட் மாடிக்குப் போயிருந்தார். தட்டோடு திரும்பி இறங்கும்போது கீழே பேச்சு காதில் விழுந்தது.

"அடுத்த வாரம் சாம்பல் வேந்தன். கடைசிச் சண்டை. பயமா இருக்கா?" என்று ஃபெங் கேட்டான்.

"எதுக்குப் பயம்?" இது ஆர்லன். "நம்மள நார்பர்ட் சாக விடுவானா? அவனுக்கு மனசு வராது."

லோரெட்டா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவரை மிகவும் சுட்டது. தட்டு கையில் ஆறும்வரை படியிலேயே நின்றார்.

ஒன்பது வருடம். சாம்பல் வேந்தன் வால்க்ரிமோர் யார், எதற்காக ஒரு கண்டத்தையே எரித்தான், அவனுக்குள் என்ன காயம் என்றெல்லாம் ஒன்பது வருடமாக அடைகாத்து வைத்திருந்தார். கடைசிச் சண்டை தொடங்குமுன் வேந்தன் பேச வேண்டிய உரை தயார். பதினோரு பக்கம். காரில் ஒத்திகை பார்த்தார்; சிக்னலில் நின்றபோது பக்கத்து லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி, "என்ன சார், ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டார். குளியலறையில் பார்த்தார், "உள்ள யாரு கூட சண்ட?" என்று கிரெட்சன் கதவைத் தட்டினாள். ஏழாம் பக்கத்தில், வேந்தன் தன் இறந்த மகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில், குரல் உடைய வேண்டும். ஆணிக்கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சொல்லிப் பார்த்தபோது அவர் குரல் தானாகவே உடைந்தது. மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போய் இரண்டு அங்குல திருகாணி வாங்கினார்.

அந்த உரைக்கு முன் மூன்று பேரும் நடுங்க வேண்டும். நடுங்குகிறவனிடம்தான் சாம்பல் வேந்தன் பேச முடியும். சீஸ் கடிக்கிறவனிடம் பேச முடியாது. நடுங்க வைக்க ஒரே வழி, சாவு நிஜம் என்று காட்டுவது. அதற்கு மறைப்பை எடுத்தாக வேண்டும்.

மறைப்புக்குப் பின்னால் இத்தனை வருடம் தாம் செய்துவந்ததை அவர் ஒருநாளும் பொய் என்று நினைத்ததில்லை. நிர்வாகம் என்றே நினைத்தார். ஹெல்கா சாகிற மாதிரி எண் விழுந்தால் அதைக் கொஞ்சம் நிர்வகித்தார். வேந்தனின் தளபதிகள் கேவலமாகத் தோற்கிற மாதிரி விழுந்தால் அதையும் நிர்வகித்தார். இந்த இரண்டாவது வகை நிர்வாகம்தான் அதிகம் என்பதை அவர் கணக்குப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஓர் உண்மை தெரிந்திருக்கும்: நார்பர்ட் க்ளூகேவுக்குக் கைராசி கிடையாது.

"சரி. தொடங்குவோம்," என்றார். நிலவறையின் ஒரு குழல்விளக்கை அணைத்தார். "எரிந்த நகரத்தின் நடுவே கறுப்புச் சலவைக்கல் படிக்கட்டு. மேலே, மேலே, மேலே போகிறது. அதன் உச்சியில், புகைக்கு நடுவில், ஓர் உருவம்."

"எவ்ளோ மேல?" என்று ஃபெங் கேட்டான்.

"முந்நூறு அடி," என்றார் நார்பர்ட். நூற்றைம்பது என்றுதான் முதலில் எழுதியிருந்தார். நேற்றுதான் கம்பீரம் போதவில்லை என்று இரட்டிப்பாக்கினார்.

"கைப்பிடி உண்டா?"

"என்னது?"

"படிக்கட்டுக்கு. கைப்பிடி."

"சாம்பல் வேந்தன் மாளிகைல கைப்பிடி எதுக்குப்பா?"

"சும்மா கேட்டேன் மாஸ்டர்."

நார்பர்ட் எழுந்து நின்றார். இனி எதையும் மறைப்பதில்லை என்று, சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் வேந்தனின் உயிர்ப்புள்ளிகளைப் பெரிதாக எழுதினார்: நூறு. அவ்வளவு சேதம் பட்டால் அவன் செத்தான். மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆர்லன் மெல்வதை நிறுத்தினான். நார்பர்ட்டின் நெஞ்சு விம்மியது. வருகிறது, நடுக்கம் வருகிறது.

"யார் முதலில் என்று பகடை சொல்லட்டும்."

இருபது முகப் பகடைகள் உருண்டன. ஆர்லனுக்குப் பதினாலு. லோரெட்டாவுக்கு ஒன்பது. ஃபெங்குக்குப் பதினேழு. நார்பர்ட் தம் பகடையை, வெள்ளிக்கோடு போட்ட கறுப்புப் பகடையை, இரண்டு கைக்குள்ளும் குலுக்கி, வெட்டவெளியில் உருட்டினார்.

ஒன்று.

"ஒண்ணு," என்று லோரெட்டா குனிந்து பார்த்துச் சொன்னாள், அவருக்குத் தெரியாதோ என்பதுபோல.

"பரவாயில்லை. அவன் அவசரப்படாதவன்," என்று நார்பர்ட் சமாளித்தார். உரையை எடுத்துக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்தார். "மானிடப் புழுக்களே!"

"மாஸ்டர், ஒரு நிமிஷம்," என்றான் ஃபெங்.

"ஃபெங், இப்ப வேண்டாம்."

"இல்ல, சண்டை ஆரம்பிச்சாச்சில்ல? ஒரு மூச்சுக்கு மேல பேசினா அது அந்த ஆளோட முறையில சேரும்னு நம்ம விதி. அவரு முறை கடைசிலதான் வருது."

அந்த விதி உண்மைதான். அது எழுதப்பட்டதே ஃபெங்குக்காகத்தான். மூன்று வருடம் முன்பு, கத்திகள் மோதிக்கொண்டிருக்கும்போது அவனுடைய மந்திரவாதி பூதங்களுக்கு நிலக்குத்தகைச் சட்டத்தை விளக்க ஆரம்பித்தான். கால் மணி நேரம் பேசினான். பூதங்கள் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டன. அன்று இரவே நார்பர்ட் விதி எழுதினார்.

"அது உங்களுக்குப் போட்ட விதி!" என்றார்.

"'மேசையில் பேசும் சகல உயிர்களுக்கும்'னு போட்ருக்கீங்க மாஸ்டர்."

"சகல உயிர்னா..."

"அவரு உயிரோடதான இருக்காரு?" என்று ஃபெங் மெதுவாகக் கேட்டான். "மானிடப் புழுக்களே வரைக்கும் ஒரு மூச்சு. அது ஓகே."

நார்பர்ட் உரையை மார்போடு அணைத்துக்கொண்டார். போகட்டும். ஒரு சுற்றுதானே. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு அடி அடிப்பார்கள், வேந்தன் அசையாமல் நிற்பான், அப்புறம் பேசுவான். அசையாமல் நின்றபின் பேசுவது இன்னும் நன்றாகத்தான் இருக்கும்.

"சரி, உன் முறை. என்ன செய்யற?"

"என்கிட்ட பெரிய மந்திரம் எல்லாம் தீந்துபோச்சு. போன வாரம் டிராகன்ட்ட செலவாயிடுச்சு. வழுக்கு மந்திரம் ஒண்ணுதான் பாக்கி. அவரு கால்ல போடறேன்."

ஆர்லன் வாய்விட்டுச் சிரித்தான். வழுக்கு மந்திரம் என்பது மந்திரவாதியாகச் சேர்ந்த முதல் நாள் கற்றுத்தருவது. தரையில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை வரும். ஃபெங் அதைப் பெரும்பாலும் கதவுக் கீல்களுக்குப் பயன்படுத்தினான்.

நார்பர்ட்டும் புன்னகைத்தார். ஐந்துக்கு மேல் எது விழுந்தாலும் வேந்தன் நிற்பான். "சாம்பல் வேந்தன் உன் எண்ணெயை ஏளனமாகப் பார்க்கிறான்," என்று சொல்லிக்கொண்டே உருட்டினார்.

கறுப்புப் பகடை மேசையின் குறுக்கே ஓடியது. முட்டைச் சுருள் பாத்திரத்தைச் சுற்றியது. லோரெட்டாவின் முழங்கை அருகே வந்து, கொஞ்சம் யோசித்து, நின்றது.

மூன்று.

நார்பர்ட்டின் வலது கை, பழக்கதோஷத்தில், மறைப்பு இருந்த இடத்தை நோக்கி எழுந்தது. அங்கே டோனட்தான் இருந்தது.

"விழறாரா?" என்று ஆர்லன் கேட்டான்.

"வழுக்கறான்," என்றார் நார்பர்ட். "சற்றே."

"படிக்கட்டு உச்சில," என்றாள் லோரெட்டா.

"கைப்பிடி இல்ல," என்றான் ஃபெங்.

"முந்நூறு அடி!" ஆர்லன் மேசையில் தட்டினான். "டேய், விழுந்தா பத்தடிக்கு ஒரு பகடை! உச்சவரம்பு இல்ல! என் விதி அது!"

அவன் விதியேதான். அச்சான புத்தகத்தில் விழுகிற சேதத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து டக் மலைப்பாதையில் இறங்குவதை விட்டுவிட்டான். நேராகக் குதித்தான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "வரீங்களா, இல்ல அங்கேயே நிக்கறீங்களா?" என்று கீழிருந்து கேட்டான். இந்த அவமரியாதையைப் பொறுக்காமல் நார்பர்ட் அந்த எல்லையை நீக்கினார். மலைகளுக்கு இனி மதிப்பு இருக்கும் என்று முன்னுரையிலேயே குறிப்பிட்டிருந்தார்.

முப்பது பகடை, விழும் எண்களின் மொத்தம் அவ்வளவும் சேதம். வீட்டில் இருந்ததெல்லாம் சேர்த்தும் ஆறுமுகப் பகடை பத்துதான் தேறியது. மூன்று தடவையாக உருட்டுவது என்று முடிவாயிற்று. மாஸ்டரின் ஆள் விழுவதால் மாஸ்டரே உருட்ட வேண்டும், அதுவும் விதி.

முதல் பத்து. முப்பத்தேழு. "சாம்பல் வேந்தர் முதல் நூறு படியத் தாண்டிட்டார்," என்று ஆர்லன் பேருந்து நடத்துனர் குரலில் அறிவித்தான். லோரெட்டா கண்ணீர் வரச் சிரித்தாள். ஃபெங் கூட வாயைப் பொத்திக்கொண்டான்.

இரண்டாவது பத்து. முப்பத்து நாலு. "கிரீடம் தனியா வருது, ஆளு தனியா வராரு. கிரீடம் முன்னாடி இருக்கு!"

லோரெட்டா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் நார்பர்ட்டைப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். இடது கையில் அந்தப் பதினோரு பக்கம். ஓரங்கள் மடங்கி, காபிக்கறை படிந்து, ஏழாம் பக்கத்தில் மஞ்சள் மையால் கோடு போட்ட காகிதங்கள். அவை லேசாக ஆடிக்கொண்டிருந்தன. பேருந்தில் முப்பது வருடமாகப் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவள் அவள். அழுகை எந்த இருக்கையிலிருந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். சிரிப்பை நிறுத்தினாள். மேசைக்கடியில் ஆர்லன் காலை மிதித்தாள்.

"ஆ! என்ன?" என்றவன் அவள் பார்வை போன திசையில் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு போயிற்று.

மூன்றாவது பத்து உருண்டது. எல்லாம் நிற்பதற்குள் ஆர்லனின் முழங்கை, பனிவண்டியின் அலகுபோல மேசையைக் கூட்டியது. இரண்டு பகடைகள் தரையில் விழுந்து ஹீட்டர் பக்கம் ஓடின.

"ஐயையோ. கீழ விழுந்துருச்சே. தரைல விழுந்தா செல்லாதுல்ல? விட்ரு, எட்டு போதும்."

"திருப்பி உருட்டணும்," என்றார் நார்பர்ட். குனிந்து எடுத்தார். உருட்டினார்.

லோரெட்டாவின் காபிக் கோப்பை எப்படியோ நகர்ந்து வந்து ஒரு பகடையை ஒட்டி நின்றது. அவள் குனிந்து பார்த்து, "நாலு," என்றாள். "ஃபெங், கூட்டு."

ஃபெங் பகடைகளைப் பார்த்தான். வாழ்நாளில் ஒரு மாத்திரைகூட எண்ணித் தப்பியிராத மனிதன் அவன். ஆறை நாலாக்கினாலும் கூட்டுத்தொகை சரியாக நூறில் வந்து நின்றது. மீதி இரண்டை அவன் விழுங்க வேண்டியிருந்தது. விழுங்கினான். கழுத்தில் அது இறங்குவது தெரிந்தது.

"தொண்ணூத்தெட்டு," என்றான்.

"பொழச்சிக்கிட்டான்!" என்று ஆர்லன் கத்தினான். "அடப்பாவி, ரெண்டு புள்ளில பொழச்சிக்கிட்டான்! இப்ப எழுந்து பேசப்போறான் பாரு! எனக்கு வயித்தக் கலக்குது!"

"எனக்கும்," என்றாள் லோரெட்டா. "கை நடுங்குது பாரு." கையை நீட்டி ஆட்டிக் காட்டினாள்.

நார்பர்ட் மேசையைப் பார்த்தார். ஆலங்கட்டி விழுந்த காரின் கூரையை ஒரு முறை பார்த்து எத்தனை நெளிவு என்று சொல்லக்கூடியவர். கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது ஆறு. மொத்தம் நூற்றிரண்டு. பேசாமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருந்தால், இரண்டே புள்ளி உயிரோடு, படிக்கட்டின் அடியில், கிரீடம் இல்லாமல், சாம்பல் வேந்தன் எழுந்து நிற்பான். சொல்லப்போனால் இது இன்னும் உருக்கமாகக்கூட இருக்கும். உரையில் இரண்டு வரி மாற்றினால் போதும்.

மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தார்கள், அவர் என்ன சொல்வாரோ என்று.

"அது ஆறு, லோரெட்டா," என்றார் நார்பர்ட். "நூத்தி ரெண்டு."

"என் கண்ணாடி மேல இருக்குப்பா. எனக்கு நாலாத்தான் தெரியுது."

"நூத்தி ரெண்டு." பலகைக்குப் போய் நூறை அழித்தார். "விழுந்த எண் விழுந்ததே." உட்கார்ந்தார். உரையை டோனட் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். "சாம்பல் வேந்தன் செத்துட்டான். நீங்க ஜெயிச்சிட்டீங்க. வாழ்த்துகள். சாஸேஜ் மேல இருக்கு."

வாஷிங் மெஷின் தன் கடைசிச் சுற்றை முடித்து, மூன்று முறை கூவி ஓய்ந்தது. எல்த்ராவோனில் கேட்ட ஒரே வெற்றி முரசு அதுதான்.

"அது அவரு நெழலா இருக்கலாம்," என்றான் ஃபெங், தரையைப் பார்த்து. "நிஜ வேந்தர் உள்ள இருக்கலாம். அந்த மாதிரி முன்னாடி..."

"நெழல் இல்ல."

"ரெட்டைப் பிறவியா?" என்றான் ஆர்லன் நம்பிக்கையோடு.

"இல்ல ஆர்லன். நெசமாத்தான் ஆடுறோம். நான் உங்கள சாக விடமாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க. கேட்டேன், போன வாரம். படில நின்னு கேட்டேன். சரி, இன்னிக்கு நெசம். நெசம்னா இதான்."

ஆர்லன் காது மடல் வரை சிவந்தான். லோரெட்டா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா நார்பர்ட், உனக்கு இடது காது செவக்கும், தெரியுமா?"

"என்ன?"

"பகடை நமக்கு எதிரா விழுந்து, நீ மாத்திச் சொல்லும்போது. இடது காது தக்காளி மாதிரி ஆயிடும். உன் ஆளுக்காக மாத்தினா ரெண்டு காதும். ரெண்டாவது வருஷத்துலேயே கண்டுபுடிச்சிட்டோம். ஹெல்கா எத்தன தடவ செத்துருக்கணும்னு நெனக்கற? அந்தச் சதுப்பு நெலத்துலயே மூணு தடவ போயிருப்பா."

நார்பர்ட் இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்த்தார். "எல்லாருக்கும் தெரியுமா?"

"எனக்கு முதல்ல கொஞ்சம் ஆட்சேபணை இருந்துச்சு மாஸ்டர்," என்றான் ஃபெங். "அப்புறம் பழகிடுச்சு."

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"வேற எங்க போறது?" என்றான் ஆர்லன். "நாலு மாசமா வெளில பனி. உன் வீட்ல சூடு நல்லாருக்கு." லோரெட்டா மறுபடி மிதித்தாள். "அதோட கதையும் நல்லாருக்கு," என்று சேர்த்துக்கொண்டான்.

ஒன்பது வருடமாகத் தாம் விதியின் குரல் என்று நார்பர்ட் நம்பியிருந்தார். இவர்களோ, பாவம் நல்ல மனுஷன், கள்ள ஆட்டம் ஆடுகிறான் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து முட்டைச் சுருள் கொண்டுவந்திருக்கிறார்கள். கோபப்பட வேண்டிய விஷயமா என்று யோசித்தார். பட முடியவில்லை.

லோரெட்டா காகிதக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். "இத பேசணும்னுதான இருந்த?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. செத்தவன் எப்படிப் பேசுவான்?"

ஃபெங் அதற்குள் சுருள்கம்பித் தொகுதியை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை, முன்னுரையின் அடிக்குறிப்பு உட்பட, புரட்டிக்கொண்டிருந்தான். மூடி வைத்தான்.

"பிணம் பேசக்கூடாதுன்னு இதுல எங்கேயும் இல்ல மாஸ்டர். ஒரு மூச்சு விதியும் செல்லாது. அது உயிர்களுக்குத்தான். இவருக்கு மூச்சே கெடையாது. எவ்ளோ நேரம் வேணாலும் பேசலாம்."

"இது என்ன கூத்து!"

"ஓட்டுப் போடுவோம்," என்றாள் லோரெட்டா. "பிணம் பேசணும்கறவங்க கை தூக்குங்க."

மூன்று கைகள் உயர்ந்தன. ஒன்றில் கடுகுச் சாந்து ஒட்டியிருந்தது.

நார்பர்ட் கொஞ்ச நேரம் பிகு செய்தார். இது மரபுக்கு விரோதம் என்றார். ஒன்பது வருடக் கட்டுக்கோப்பு என்றார். சொல்லிக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். ஆர்லன் போய் இரண்டாவது குழல்விளக்கையும் அணைத்துவிட்டு வந்தான். ஹீட்டரின் சிறிய நீலத் தீயும், மேசைமேல் ஒரு விளக்கும் மட்டும் மிஞ்சின. கிரெட்சன் திரைச்சீலையை எடுக்கப் படியில் இறங்கி வந்தவள், இருட்டையும் நின்றுகொண்டிருந்த கணவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கூடையை இடுப்பில் வைத்தபடி கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"முந்நூறு அடிப் படிக்கட்டின் அடியில்," என்று நார்பர்ட் தொடங்கினார், "உடைந்து கிடக்கும் அந்த உடலின் உதடுகள் அசைகின்றன."

பேசினார். சீஸ் தட்டு பக்கம் யாரும் கை நீட்டவில்லை. வேந்தனின் இளமை வந்தது, போர்கள் வந்தன, துரோகங்கள் வந்தன. ஃபெங் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. ஆர்லன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, சர்ச்சில் உட்காருகிறவன்போல உட்கார்ந்திருந்தான். ஏழாம் பக்கத்தில், இறந்த மகளின் பெயரைச் சொல்லுமிடத்தில், அவர் குரல் உடைந்தது, சரியாக உடைய வேண்டிய சொல்லில். லோரெட்டா கைக்குட்டையை எடுத்தாள். பதினோராம் பக்கத்தின் கடைசி வரியைச் சொல்லிவிட்டு நார்பர்ட் காகிதங்களை இறக்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

உரை என்னவோ நன்றாகவே இல்லை.